சபாவுக்குத் தந்த வாக்குறுதிகள்

சபா மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள கெனிங்காவ் ஊரில் ஒரு சத்தியக் கல் நிற்கிறது. மலேசியா உருவான மறு ஆண்டு, 1964 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்டது. சமயச் சுதந்திரம் உண்டு, நிலம் சபா அரசின் அதிகாரத்தில் இருக்கும், மக்களின் வழக்காறுகளை அரசு மதித்துக் காக்கும் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பதிலுக்கு உட்பகுதி மக்கள் மலேசிய அரசுக்கு விசுவாசமாக இருப்பார்கள். எழுத்தறிவு பரவாத அந்தப் பகுதியில் கல்லின் மேல் செய்த சத்தியத்துக்குக் காகிதத்தைவிட மதிப்பு அதிகம். அறுபது ஆண்டுகள் கழித்து, அந்த ஒப்பந்தத்தில் எந்தப் பகுதி நின்றது, எது சரிந்தது, ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1881 முதல் வட போர்னியோவை (இன்றைய சபாவை) ஆண்டது ஒரு பிரிட்டிஷ் வணிக நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் சண்டகானும் ஜெசல்டனும் (இன்றைய கோட்டா கினபாலு) தரைமட்டமாயின. அவற்றைத் திரும்பக் கட்ட நிறுவனத்திடம் பணமில்லை. 1946 ஜூலையில் நாடு பிரிட்டிஷ் அரசின் நேரடிக் காலனியானது. ஒரு நிறுவனத்தின் உடைமை என்ற நிலையிலிருந்து ஒரு கூட்டாட்சியின் மாநிலமாக மாற அதற்குக் கிடைத்த அவகாசம் பதினேழே ஆண்டுகள். கட்சி, தேர்தல், சட்டமன்றம் எல்லாம் அந்த அவசரத்தில்தான் முளைத்தன.

1961 மே 27 அன்று மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் மலேசியத் திட்டத்தை அறிவித்தார். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த சிங்கப்பூரை மட்டும் சேர்த்துக்கொள்ள கோலாலம்பூர் தயங்கியது. போர்னியோ மக்களும் சேர்ந்தால் மக்கள்தொகைக் கணக்கு சமனாகும் என்று நினைத்தது. ஆக, வட போர்னியோவின் நாலரை லட்சம் பேர் இன்னொருவரின் கணக்கைச் சரிக்கட்ட அழைக்கப்பட்டவர்கள். பத்திரிகை நடத்திவந்த டொனால்டு ஸ்டீபன்ஸ் முதலில் எதிர்த்தார். பிறகு மனம் மாறினார்; ஆனால் குடியேற்றம், சமயம், மொழி, நிதி ஆகியவற்றில் உத்தரவாதம் கேட்கும் இருபது அம்சக் கோரிக்கையோடு வந்தார்.

மக்கள் கருத்தை அறிய 1962-இல் கோபோல்ட் ஆணையம் வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திட்டத்தை உறுதியாக ஆதரித்தார்கள். இன்னொரு பங்கினர், உரிய பாதுகாப்புகள் இருந்தால் சம்மதம் என்றார்கள். மீதிப் பேரில் சிலர் முதலில் விடுதலை கேட்டார்கள், சிலர் பிரிட்டிஷ் ஆட்சியே நீடிக்கட்டும் என்றார்கள். முதல் இரு பங்கையும் கூட்டிப் பெரும்பான்மை ஆதரவு என்று முடிவு கட்டினார்கள். எனக்கு அந்த நடுப் பங்குதான் முக்கியமாகத் தெரிகிறது. நிபந்தனை காப்பாற்றப்படாவிட்டால் அவர்களின் சம்மதத்தை ஆதரவுக் கணக்கில் சேர்க்க எந்த நியாயமும் இல்லை. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது அந்தச் சம்மதத்தையும் சேர்த்துத்தான்.

அன்றைய பாதுகாப்புகளிலேயே வலுவானது நாடாளுமன்ற இடங்களில் இருந்தது. மொத்தம் 159; சபாவுக்கு 16, போர்னியோவின் இன்னொரு மாநிலமான சரவாக்குக்கு 24, சிங்கப்பூருக்கு 15. மூன்றும் சேர்ந்தால் 55, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எனவே மலாயா மட்டும் நினைத்து எதையும் மாற்ற முடியாது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் வெளியேறியது. அதன் 15 இடங்களும் அதோடு போயின. போர்னியோ மாநிலங்களுக்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை. 144-இல் 40 என்றானது. பூட்டு கழன்றது அந்த நாளில்தான். ஆனால் அன்று சிங்கப்பூரின் பிரிவைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள்.

பின்னால் வந்ததெல்லாம் இதன் தொடர்ச்சி. 1974-இல் பெட்ரோலியச் சட்டம் எண்ணெய் வளம் முழுவதையும் மத்திய அரசின் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் கையில் கொடுத்தது. 1976 ஜூன் 6 அன்று முதலமைச்சராக இருந்த ஸ்டீபன்ஸ் விமான விபத்தில் அமைச்சர்கள் சிலரோடு இறந்தார். எட்டு நாள் கழித்து, ஐந்து விழுக்காடு உரிமத்தொகைக்குச் சம்மதித்துப் புதிய மாநில அரசு கையெழுத்திட்டது. அரசமைப்பில் தனிப் பிரிவாக இருந்த போர்னியோ மாநிலங்கள், அதே ஆண்டுத் திருத்தத்தில், பதின்மூன்று மாநிலப் பட்டியலில் இரு பெயர்களாகக் கரைந்தன. அதைச் சீர்செய்ய 2021 டிசம்பர் வரை ஆயிற்று.

எல்லாப் பழியையும் கோலாலம்பூர் மேல் போடுவது நேர்மையாகாது. சபாவுக்கு அரச சமயம் கூடாது என்று இருபது அம்சங்கள் கேட்டிருந்தன. 1973-இல் இஸ்லாத்தை மாநிலச் சமயமாக்கியது முஸ்தபா ஹாருனின் மாநில அரசு. 1984-இல் லபுவான் தீவை மத்திய அரசுக்குத் தாரைவார்த்ததும் சபாவை ஆண்டவர்களே.

ஆனால் சபா தன் கையிலேயே வைத்துக்கொண்ட அதிகாரம் இன்னும் உயிரோடிருக்கிறது. தீபகற்ப மலேசியர் (பழைய மலாயாவைச் சேர்ந்தவர்) ஒருவர் சபாவில் வேலை செய்யவோ குடியேறவோ வேண்டுமானால் இன்றும் மாநிலத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசு மனம் வைத்துச் செய்ய வேண்டியிருந்ததுதான் கிடப்பில் கிடந்தது. சபாவிலிருந்து மத்திய அரசுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நிகர வருவாயில் நாற்பது விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும், உரிய காலங்களில் அதை மறுபரிசீலிக்க வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. நடந்தது என்ன? 1973-க்கான 2.67 கோடி ரிங்கிட் என்ற தொகை அப்படியே உறைந்து, 2021 வரை ஆண்டுதோறும் அதுவே வழங்கப்பட்டது. எண்ணெய் எடுக்கும் இந்த மாநிலத்தில்தான் மலேசியாவிலேயே வறுமை விகிதம் மிக அதிகம். சபா வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், மறுபரிசீலிக்கத் தவறியது சட்டவிரோதம் என்று 2025 அக்டோபரில் கோட்டா கினபாலு உயர் நீதிமன்றம் கூறியது.

நீதிமன்றத் தீர்ப்பு நிலுவையைப் பெற்றுத் தரலாம். இழந்த இடங்களைத் தராது. இன்று 222 இடங்களில் சபாவுக்கு 25, சரவாக்குக்கு 31. இரண்டும் சேர்ந்து நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகின்றன. மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்ற கோரிக்கையைத் தீபகற்பத்தில் பலர் மக்கள்தொகையைக் காட்டி மறுக்கிறார்கள். 1963-இலும் மக்கள்தொகை விகிதத்துக்கு மேல்தான் இடங்கள் ஒதுக்கப்பட்டன. அது சலுகையாக அல்ல, சேர்வதற்கான விலையாகத் தரப்பட்டது. அந்த இடங்களைத் திரும்பத் தர அரசமைப்பைத் திருத்த வேண்டும். சபாவும் சரவாக்கும் ஒன்றாக நின்றாலும் அந்தத் திருத்தத்தை நிறைவேற்ற முடியாது. தீபகற்பத்தின் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். தங்கள் பங்கு குறையும் என்று தெரிந்தே வாக்களிக்க வேண்டும்.