இருக்கை உயரட்டும்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

செருப்புக் கடைக்குச் சென்றால் ஐந்து சோடியைப் போட்டுப் பார்த்து, நாலடி நடந்து பார்த்து, விரல் இடிக்கிறதா, குதிகால் கழல்கிறதா என்று ஆராய்ந்த பிறகே காசை எடுக்கிறோம். சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் கழுத்து முதல் மணிக்கட்டு வரை அளக்கிறார். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் சைக்கிளை மட்டும், கடைக்காரர் எந்த உயரத்தில் சீட்டை முடுக்கித் தந்தாரோ அந்த உயரத்திலேயே ஓட்டி, பழையதாக்கி, விற்றும் விடுகிறோம். மாலையில் நம் கல்லூரி சைக்கிள் ஷெட்டின் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஆறடி இளைஞர்கள் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க, குந்தியவாறே மிதித்துச் செல்லும் காட்சியைக் காணலாம். குரங்குப் பெடல் போட்ட காலத்தில் கூட இவர்கள் இவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டார்கள்!

இன்று அந்த ஷெட்டில் நிற்பவற்றுள் பாதிக்கு மேல் மலை சைக்கிள்கள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், பின்னால் கியர். மலையைக் கண்ணாலும் காணாத மலை சைக்கிள்கள் என்று நம் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலி ஒருபுறம் இருக்கட்டும். இவ்வகைச் சைக்கிள் பிறந்த கதையைச் சற்றுப் பார்த்தால் சீட்டின் உயரம் எவ்வளவு பெரிய சங்கதி என்பது விளங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் பகுதி. அங்கே தமல்பாயஸ் என்றொரு மலை. 1970-களில் அவ்வட்டார இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மண்சாலைகளில் இறங்கி விளையாடினர். 1976-இல் 'ரீபேக்' என்ற பந்தயமும் தொடங்கியது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றைச் செய்தார். மேட்டில் ஏறும்போது சீட் உயரமாக இருந்தால்தான் கால் நன்றாக நீண்டு உழைக்கும். செங்குத்தாக இறங்கும்போதோ அதே உயரம் ஆளை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப் பார்க்கும். புவிஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே ஏறும்போது உயர்த்தி, இறங்கும்போது தாழ்த்தினர். ஸ்பேனர் தேடாமல் விரலால் திருப்பும் நெம்புகோல் வந்தது. 1980-களில் சீட்டைத் தானே மேலே தள்ளும் ஸ்பிரிங் வந்தது. இப்போது விலையுயர்ந்த சைக்கிள்களில் ஹேண்டில்பாரிலேயே பொத்தானை அழுத்தினால் சீட் இறங்கி ஏறுகிறது. மலை சைக்கிளுக்கு ஒரே சீட் உயரம் என்பது கிடையாது. மேலெல்லை ஒன்று, கீழெல்லை ஒன்று; இரண்டுக்கும் இடைப்பட்ட வீச்சுதான் உண்டு. நாமோ அந்தக் கீழெல்லையிலேயே குடியிருக்கிறோம் என்பதுதான் என் வழக்கு.

தாழ்ந்த சீட்டால் என்ன கெட்டுவிடும்? தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முழுதும் உட்கார்ந்து எழுவது கடினம். முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்வது எளிது. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியும் ஓர் ஆழமான தோப்புக்கரணம். முழங்காலின் முன்புறத்தில் அழுத்தம் கூடுகிறது, தொடைத்தசை விரைவில் சோர்கிறது. போதாக்குறைக்கு, சீட் குழாய் சாய்வாக இருப்பதால் (பெரும்பாலும் தரைக்கு 73 பாகை அளவில்) சீட்டை 10 செ.மீ. தாழ்த்தினால் அது ஏறத்தாழ 3 செ.மீ. முன்னாலும் நகர்ந்துவிடுகிறது. அளவுக்கு மீறி உயர்த்தினாலும் கேடுதான். மிதி கீழே போகும்போதெல்லாம் இடுப்பு இடமும் வலமும் ஆடும். முழங்காலின் பின்புறம் வலிக்கும்.

சரியான உயரத்தைக் காண ஒரு சுவரும் ஒரு நோட்டும் இஞ்ச் டேப்பும் போதும். செருப்பில்லாமல் சுவரில் முதுகு படிய நில்லுங்கள். கெட்டி அட்டை நோட்டைக் கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் அமர்ந்தாற்போல் கவட்டையை அழுத்தும்படி மேலே தூக்குங்கள். தரையிலிருந்து நோட்டின் மேல்விளிம்பு வரை உள்ளதே உங்கள் கால் அளவு. அதை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய நீளம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டு பரப்பிய கணக்கு இது. 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு வேறு: கால் அளவில் 109 விழுக்காடு, ஆனால் கீழே நிற்கும் மிதியிலிருந்து அளக்க வேண்டும். 80 செ.மீ. காலுக்குப் போட்டுப் பார்த்தேன். முதற்கணக்கில் 70.6 செ.மீ. இரண்டாவதில் 87.2, அதில் கிராங்கின் 17 செ.மீ. போக 70.2. இரண்டுக்கும் வேறுபாடு அரை சென்டிமீட்டர் கூட இல்லை! நம் ஆய்வுக்கூடத்தில் இத்தனை நெருக்கமான விடை வந்தால் பேராசிரியரே ஐயப்படுவார்.

கணக்கு பிடிக்காத கலைப்பிரிவு நண்பர்களுக்கு எளிய வழியும் உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமர்ந்து, குதிகாலை மிதியில் வைத்துக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு இருக்கும்.

"அதெல்லாம் சரி, தம்பி! நின்றால் தரையில் கால் ஊன்ற வேண்டாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீட்டின் உயரம் கிராங்க் அச்சிலிருந்து அளக்கப்படுகிறது. மலை சைக்கிளில் கல்லும் வேரும் இடிக்காதிருக்க அந்த அச்சையே சாதாரணச் சைக்கிளைவிட உயர்த்தி வைத்திருக்கிறார்கள். எனவே சீட்டைச் சரியான அளவில் வைத்தால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். பயந்துபோய் நாம் சீட்டை இறக்குகிறோம். நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்பதுதான் முறை. ஒரு வாரத்தில் பழகிவிடும். புதிதாகக் கற்பவர்களும், சந்தை நெரிசலில் சுமையோடு போகிறவர்களும் தாழ்த்தி ஓட்டட்டும், அதில் தவறில்லை. ஆனால், "பொண்ணுதானே, கால் எட்டினாப் போதும்" என்று கடைகளில் மாணவியரின் சீட்டை அடியோடு இறக்கித் தருகிறார்களே, அந்த வழக்கத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பத்துக் கிலோமீட்டர் மிதிக்க வேண்டியவர்கள் அவர்களுந்தாம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டுச் சைக்கிளுக்கோ நான் இரண்டாம் ஆள். விடியலில் அப்பா கேரியரில் கேனைக் கட்டிப் பால் சொசைட்டிக்குப் போய்வருவார். அடுத்து 11 கிலோமீட்டர் நான். மாலையில் தங்கை. முதல் மணிக்குள் கல்லூரி சேர எங்கள் ஊரிலிருந்து பேருந்து கிடையாது. சைக்கிள் ஓடினால்தான் வருகைப்பதிவு. அப்பாவின் கால் 76 செ.மீ., என்னுடையது 82, தங்கையுடையது 72. சீட் நிற்கவேண்டிய இடங்கள் 67.1, 72.4, 63.6. வீச்சு கிட்டத்தட்ட 9 செ.மீ. மூவருக்கும் பொதுவாக நடுவில் வைத்தால் மூவருக்கும் பொருந்தாது. ஆகையால் சீட் தண்டில் மூன்று வண்ணத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறோம். நெம்புகோல் முடுக்கி இருப்பதால் மாற்ற அரை நிமிடம் ஆகிறது. மாதம் ஒருமுறை தண்டைக் கழற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். இல்லையேல் துருப்பிடித்து இறுகி, சுத்தியலுக்கும் அசையாது.

என் வகுப்பு நண்பன் ஒருவன் முழங்காலில் களிம்பு தடவிக்கொண்டே முதற்பருவத்தை ஓட்டினான். வலி கூடிய நாள்களில் முதல் மணியை விட்டான். வருகை குறைந்து அபராதமும் கட்டினான். சீட்டை ஒன்றரை அங்குலம் உயர்த்திய பிறகு களிம்பு நின்றது. எல்லா முழங்கால் வலிக்கும் இதுவே மருந்தென்று நான் சொல்லவில்லை. ஆனால் காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்து பார்ப்பதில் என்ன நட்டம்?

ஓர் எச்சரிக்கை. சீட் தண்டில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அது குழாய்க்கு வெளியே தெரியும்வரை உயர்த்தக்கூடாது. மீறினால் தண்டு வளையும், அல்லது சட்டமே விரியும். அந்தக் கோட்டுக்குள் உங்கள் அளவு அடங்கவில்லையானால் சைக்கிளின் சட்டம் உங்களுக்குச் சிறியது. புதிதாக வாங்குவோர் நிறத்தையும் கியரின் எண்ணிக்கையையும் பார்க்குமுன், சீட் எங்கிருந்து எதுவரை ஏறி இறங்குகிறது என்பதைப் பாருங்கள். வீட்டில் மிகக் குட்டையானவரையும் மிக நெட்டையானவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் ஷெட்டின் தூணில் ஒரு ஸ்பேனர், ஓர் எல் கீ, ஓர் இஞ்ச் டேப் ஆகியவற்றைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் வாரம் மதிய இடைவேளைகளில் அளந்து சொல்ல நானும் இரண்டு இயற்பியல் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். நோட்டு மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். ரெக்கார்டு நோட்டாக இருந்தால் அட்டை கெட்டியாக இருக்கும்.