மாதம் ஒரு சொட்டு ரத்தம்!

பாம்பன் பாலத்தை அறியாதவர் யார்? கப்பல் வந்தால் அது வழி விடும். ரயில் வந்தால் சேர்ந்து நிற்கும். திறக்கும் நேரத்தில் திறக்க வேண்டும். மூடும் நேரத்தில் மூட வேண்டும். தவறினால் ஆபத்து!

மனிதனின் இதயத்திலும் இப்படி நான்கு கதவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு "வால்வு" என்று பெயர்.

சிறு வயதில் தொண்டைப் புண் வருகிறது. கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் தொடரும். மூட்டு வலி போய்விடும். ஆனால், இதய வால்வு கெட்டுப் போகலாம். கெட்ட வால்வை எடுத்துவிட்டு, டாக்டர்கள் செயற்கை வால்வு பொருத்துகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில், இந்தியாவிலேயே அப்படி ஒரு வால்வு செய்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது.

ஆபரேஷன் முடிந்தால் கவலை தீர்ந்ததா? இல்லை!

எலி மருந்து உயிர் காத்தது

செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இந்த மாத்திரையின் கதை விசித்திரமானது. அமெரிக்காவில், கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு, பனிப்புயலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கு கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சியில் பிறந்த "வார்பரின்" 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பிறகு அதுவே மனிதருக்கு மருந்தாயிற்று. 1955-ல் மாரடைப்பு கண்ட அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

அளவு குறைந்தால் ரத்தம் உறையும். கூடினால் ரத்தம் கசியும். இருபுறமும் கூர் உள்ள கத்தி இது!

எண் சொல்லும் சேதி

அளவு சரிதானா என்று எப்படி அறிவது? ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று சோதிக்கிறார்கள். ஊருக்கு ஊர் படியின் அளவு மாறினால் நெல் விற்க முடியுமா? அதுபோல், சோதனைச் சாலைக்குச் சோதனைச் சாலை கணக்கு மாறியது. அதனால் 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரே அளவைக் கொண்டுவந்தது. அதுதான் "ஐ.என்.ஆர்."

மாத்திரை சாப்பிடாதவருக்கு இந்த எண் சுமார் 1. வால்வு வைத்தவர்களில் பலருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். சிலருக்கு இன்னும் சற்றுக் கூட வேண்டும். அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

முருங்கைக் கீரை, அகத்திக் கீரையை ஒரு வாரம் நிறையத் தின்று, மறு வாரம் அடியோடு விட்டால் எண் மாறும். கீரையை விலக்க வேண்டியதில்லை. அளவு ஒரே சீராக இருந்தால் போதும். கடையில் வாங்கும் வலி மாத்திரை, டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடும் நாட்டு மருந்து இரண்டும் ஆபத்து. ஒரு வேளை மறந்தால், மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஈறில் ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், தலையில் அடி – இவற்றில் எது நேர்ந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பரிசோதனை தேவையில்லாத புதிய மருந்துகளும் வந்துள்ளன. ஆனால், உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவை ஆகாது.

கரையோரம் வரட்டும்

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோ மீட்டர். அங்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால், பரிசோதனைக்காகப் போய் வந்தால் மீனவருக்கு ஒரு நாள் தொழில் போகும். வலை வீசினால்தான் உலை கொதிக்கும் வீட்டில், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால், எண் ஏறுவதும் இறங்குவதும் உடம்புக்குத் தெரியாது. கரைக்கு எட்டாத தூரத்தில், தூண்டில் முள் கிழித்த கையில் ரத்தம் நிற்காதபோதுதான் தெரியும்!

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நிமிடங்களில் எண்ணைச் சொல்லும் சிறிய கருவி இருக்கிறது. கரையோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அது இருக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீடு தேடி வந்தன. அதுபோல இந்தச் சோதனையும் கரை தேடி வரட்டும்!

அதுவரை வீட்டார் செய்யக் கூடியது ஒன்று உண்டு. காலண்டரில் பரிசோதனை நாளை வட்டமிட்டு வையுங்கள். படகு ஒரு நாள் கரையில் நின்றால் நஷ்டம் ஒரு நாள்தான். படகோட்டி போய்விட்டால்?