ஆசிரியர் குழுவில் ஓர் ஆசனம்

ரசாயனம் கற்பித்துக் காலங்கழிக்கும் என் போன்றோருக்கு அண்மைக்காலத்தில் வாய்த்திருக்கும் கௌரவங்களுள், முன்பின் அறியாத ஏதோவொரு சஞ்சிகையிலிருந்து, தங்கள் மேதாவிலாசத்தைக் கேள்வியுற்றோம், எங்கள் கனிம ரசாயனப் பகுதியின் ஆசிரியர் குழுவில் தாங்கள் அங்கம் வகிக்க வேண்டும் என்று வரும் மின்னஞ்சல் அழைப்பும் ஒன்று. புகழ்ச்சியை வெறுப்பவன் அல்லன் நான். ஆயினும் அந்த மேதாவிலாசம் எந்தக் கட்டுரையில் புலப்பட்டதென்று அவர்கள் ஒருபோதும் குறிப்பிடுவதில்லை.

உலகில் இல்லாத ஒரு மாதுக்குப் பொய்யான பட்டங்களைக் கற்பித்து, ஆசிரியர் பதவி வேண்டி அவர் பெயரால் 360 சஞ்சிகைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த போலந்து ஆய்வாளர்கள், 48 சஞ்சிகைகள் அவரை ஏற்றுக்கொண்டதாக 2017இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆசனம் நிரம்பினால் போதும், அமர்பவர் யாராயினும் சரி என்ற மனோபாவத்துக்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

கனிம ரசாயனத்தில் இதன் அபாயம் அதிகம். ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ சஞ்சிகையின் இ பகுதி, படிகவியலில் கைதேர்ந்தவர்களே ஆசிரியர்களாக அமைந்தது, அதுவும் ஏமாந்தது. தான் பிரசுரித்த படிக அமைப்புகளில் குறைந்தது 70 கற்பிதமானவை என்று 2010 ஜனவரியில் அது அறிவிக்க நேர்ந்தது. மெய்யாக அளந்த ஒரு படிகத்தின் எக்ஸ்-கதிர்த் தரவை வைத்துக்கொண்டு, அதிலுள்ள உலோகத்தையோ வேறோர் அணுவையோ பெயர் மாற்றி, ஒன்றைப் பலவாக்கி அனுப்பியிருந்தார்கள். கோபால்ட்டுக்கு 27 எலெக்ட்ரான், நிக்கலுக்கு 28, தாமிரத்துக்கு 29. எக்ஸ்-கதிரைச் சிதறடிப்பவை எலெக்ட்ரான்களே ஆதலால், அண்டை உலோகங்களை மாற்றி வைத்தாலும் கணக்கு பெரிதாகக் கெடுவதில்லை. அணுவின் வெப்ப அதிர்வைக் குறிக்கும் எண் மட்டும் அசாதாரணமாகக் கூடியோ குறைந்தோ நிற்கும். அந்த எண்ணில் நின்று சந்தேகிக்கும் கண், துறைத்தலைவர் பட்டங்களைச் சுமந்து ஓய்ந்தவரைக் காட்டிலும், நேற்றுவரை படிகமானியருகே இரவு கண்விழித்த இளைஞரிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

வயது ஒரு தடையன்று என்பதற்கு இத்துறையின் பூர்வீகமே பிரமாணம். கனிம ரசாயனத்துக்கென்றே ஜெர்மன் மொழியில் 1892இல் ஒரு சஞ்சிகையைத் தொடங்கிய மியூனிக் நகரத்து கெர்ஹார்ட் க்ரூஸுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. உலோக அயனியைச் சூழ்ந்து ஆறு துணைகள் எண்முகியின் முனைகளில் அமைகின்றன என்று, அக்காலத்துப் பெரியோர் கொள்கைக்கு விரோதமாக வாதித்த ஆல்ஃபிரட் வெர்னரின் கட்டுரை மறு ஆண்டே அதில் வெளிவந்தது. கரிம ரசாயனத்தில் பயின்ற வெர்னருக்கு அப்போது இருபத்தாறு. 1913இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பெயர்ப் பட்டியலுக்காகத் திரட்டிய முதியோர் குழுவொன்று அக்கட்டுரையை அச்சேற்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆகவே அழைப்பு பெறும் இளம் நண்பர்களே, உவகை தணிந்தபின் மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள்: ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகளை நான் படிக்க வேண்டும்? நிராகரிக்கும் அதிகாரம் எனக்கு உண்டா? மூலத் தரவுகளை எனக்குக் காட்டுவீர்களா? பதில் வாராவிடில், உங்கள் பெயரை அவர்களுக்குக் கொடாதீர்கள்.