தூக்கத்தை வித்து நாவல் எழுத வேண்டாம்

1/ போன மாசம் ஓபிக்கு ஒரு தம்பி வந்தான் (அடையாளங்களை மாத்தித்தான் சொல்றேன்). நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். ஈசிஜியில இதயத் துடிப்பு வேகமா இருந்ததைத் தவிர வேற கோளாறு இல்லை. "என்னப்பா சாப்பிடுற?" "தினமும் மூணு எனர்ஜி டிரிங்க் சார். பகல்ல கடை வேலை. ராத்திரி நாலு மணி வரைக்கும் ஃபேன்டஸி நாவல் எழுதுறேன்."

2/ ஏன்டா இப்படின்னு கேட்டா போன்ல ஒரு ரீல்ஸ் காட்டுறான். தூக்கத்தைத் தியாகம் பண்ணி கோடீஸ்வரி ஆன எழுத்தாளர் அமாண்டா ஹாக்கிங் கதை. அந்த ரீல்ஸ் பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்து. அதனாலதான் இந்த இழை.

3/ முதல்ல நிஜமான பாதி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துல ஆஸ்டின்னு ஒரு சின்ன ஊர். மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லத்துல பராமரிப்பு வேலை பார்த்தவர் அமாண்டா. வேலை முடிஞ்சா ரெட்புல் துணையோட ராத்திரியில எழுத்து. ட்ரோல்களின் ராஜ்ஜியம், ரத்தக் காட்டேரிகளின் காதல். (ட்ரோல்னா இங்க இணையத்துல கலாய்க்கிறவங்க இல்லை, வட ஐரோப்பிய நாட்டார் கதைகள்ல வர்ற பூதங்கள்.)

4/ பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. சிகாகோவுல நடந்த மப்பெட்ஸ் பொம்மைக் கண்காட்சிக்குப் போக 300 டாலர் தேவைப்பட்டுச்சு. 2010 ஏப்ரல்ல நாவலைத் தானே கிண்டிலில் ஏத்தினார். சுமார் 20 மாசத்துல 15 லட்சம் பிரதிகள். 2011ல் ஒரு பெரிய பதிப்பகம் 4 நாவலுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்துச்சு. ரீல்ஸ் இங்க முடிஞ்சிடும்.

5/ ரீல்ஸ் சொல்லாதது ஒண்ணு: கிண்டிலுக்குப் போன நேரத்துல அவர் கையில ஏற்கனவே ஏறக்குறைய 17 நாவல் இருந்துச்சு. பல வருஷத்துச் சேமிப்பு. வாசகர் ஒரு புத்தகத்தை முடிச்சதும் அடுத்தது உடனே கிடைச்சது. வெற்றிக்குக் காரணம் அந்தக் கையிருப்பு. முழிச்ச கண்ணு இல்லை.

6/ சொல்லாதது ரெண்டு: காலம். கிண்டில் அப்போதான் வேகமா பரவிட்டு இருந்துச்சு. 2.99 டாலர்ல இருந்து 9.99 டாலர் வரைக்கும் விலை வெச்சா 70 சதவீதம் எழுத்தாளருக்குன்னு அமேசான் 2010லதான் கொண்டு வந்துச்சு. இவர் சில புத்தகங்களை 99 சென்டுக்கே கொடுத்தார். கதவு திறந்த நேரத்துல சரக்கோட வாசல்ல நின்னார். அந்தக் கதவு எல்லாருக்கும் அதே மாதிரி திறக்காது.

7/ சொல்லாதது மூணு, முக்கியமானது: தானே பதிப்பிக்கிற எழுத்தாளருக்கு எழுத்து மட்டும் வேலை இல்லை. அட்டை, பிழை திருத்தம், விளம்பரம், கணக்கு, மின்னஞ்சல் எல்லாம் ஒரே ஆள் தலையில. இதுல நேரம் போகுது, களைச்சுப் போறேன்னு அமாண்டாவே வெளிப்படையா சொன்னார். பதிப்பகத்துக்குப் போனதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். பணம் வந்த பிறகும் அவர் தேடினது நேரத்தைத்தான். இதை வெச்சு "தூங்காதே"ன்னு பாடம் எடுக்கிறது என்ன நியாயம்?

8/ இப்போ டாக்டரா பேசுறேன். 250 மில்லி ரெட்புல்ல 80 மில்லிகிராம் கஃபீன். அதுல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேரும், அதுதான் தூக்கத்தைக் கூப்பிடும். கஃபீன் அந்தக் கூப்பாடு கேக்காம காதைப் பொத்துது. அவ்வளவுதான். பெட்ரோல் போடல. பெட்ரோல் முள்ளு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

9/ தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா செயல்திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற அளவுக்கு மந்தமாகும்னு 1997லயே ஆய்வு வந்தாச்சு. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03. அந்த நிலையில எழுதின அத்தியாயத்தைக் காலையில படிச்சுப் பாருங்க. பாதியை அழிப்பீங்க.

10/ "உபதேசம் ஈஸி சார்"னு வருவீங்க. என் கதையையும் சொல்றேன். எனக்கும் எழுதுற ஆசை உண்டு. ரெண்டு ராத்திரி முழிச்சு ஒரு கதை எழுதிட்டு மூணாவது நாள் டூட்டிக்குப் போனேன். ஒரு குழந்தைக்கு மருந்து எழுதினேன். சிஸ்டர் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு கேட்டாங்க: "சார், இது அஞ்சா, பாயிண்ட் அஞ்சா?" பாயிண்ட் அஞ்சு. நான் எழுதியிருந்தது அஞ்சு. பத்து மடங்கு. அந்தக் கதையை நான் இன்னும் முடிக்கல. அந்தச் சீட்டை மறக்கவும் இல்லை.

11/ "டாக்டர்களே 24 மணி நேர டூட்டி பார்க்கறீங்களே?" பார்க்கிறோம். அது பெருமை இல்லை, ஆள் பற்றாக்குறை. ஒரு அநியாயத்தை முன்மாதிரியா எடுத்துக்காதீங்க.

12/ ராத்திரி எழுதுறது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. பிராண்டன் சாண்டர்சன் கல்லூரிக் காலத்துல ஓட்டல் வரவேற்பு மேசையில ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே எழுதினவர். முதல் ஒப்பந்தத்துக்கு முன்னாடியே பன்னிரண்டு பதிமூணு நாவல் முடிச்சார். 2022ல் நாலு நாவலைத் தானே வெளியிட, வாசகர்கள் கிக்ஸ்டார்ட்டர்ல 4 கோடி டாலருக்கு மேல கொடுத்தாங்க. இன்னைக்கும் ராத்திரியில எழுதுறார். ஆனா விடிகாலையில படுத்து மதியம் வாக்குல எழுந்திரிக்கிறார். ராத்திரியைத்தான் எடுத்துக்கிட்டார், தூக்கத்தை விடல. கடைக்குக் காலையில போக வேண்டிய நம்ம தம்பிக்கு அந்த வசதி இல்லை.

13/ அப்போ அவன் என்ன செய்யணும்? கணக்கு சிம்பிள். ஒரு நாளைக்கு 300 வார்த்தை. வருஷத்துல 300 நாள். 90,000 வார்த்தை. ஒரு முழு நாவல். 300 வார்த்தைக்கு முக்கால் மணி நேரம் வெச்சுக்கோங்க. தினமும் அதே நேரம், அதே இடம், போன் வேற அறையில. 7 மணி நேரத் தூக்கத்துல கை வைக்காதீங்க. மதியத்துக்கு மேல கஃபீன் வேண்டாம். ரீல்ஸ் பார்க்கிற நேரத்துல எழுதினாலே நாவல் வந்துடும்.

14/ ரீல்ஸ் போடுற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. ஜெயிச்ச ஒருத்தரைக் காட்டுறீங்க. அதே மாதிரி முழிச்சு, புத்தகமும் விக்காம, உடம்பும் கெட்டவங்க உங்க ரீல்ஸ்ல வர்றதில்லை. எங்க ஓபி வரிசையில வர்றாங்க.

15/ தம்பி கிளம்பும்போது கேட்டான்: "அப்போ நாவலை நிறுத்திடவா சார்?" டேய், நிறுத்தாதே. எனர்ஜி டிரிங்கை நிறுத்து. உன் டிராகன் ஒரு வருஷம் காத்திருக்கும். உன் இதயத்தை அப்படிக் காக்க வைக்காதே. முடிச்சதும் முதல் பிரதியை எனக்குக் கொண்டு வா. காசு கொடுத்து வாங்குறேன்.