பேரே ஏறலைன்னா எங்கே தேடுறது?

திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போற பஸ்ல விக்கிரவாண்டியைத் தாண்டித்தான் போறோம். அதுக்குப் பக்கத்துலதான் குண்டலப்புலியூர். அங்குள்ள அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்த்த முதியவர் ஒருவரைக் காணோம். பெங்களூரு காப்பகத்துக்கு அனுப்பிட்டோம்னு சொன்னாங்க. அங்கேயும் அவர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், உரிமம் இல்லாமலே ஆசிரமம் நடந்தது 2023 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது.

காணாமல்போனவங்களைத் தேட காவல்துறை இணையதளம் இருக்கு. ஆனா, காப்பகத்துல இருக்குறவர் பேரே எந்த அரசுப் பதிவிலும் ஏறலைன்னா எங்கே தேடுறது? ஒருவரைச் சேர்த்தாலும் இடம் மாற்றினாலும் அன்றைக்கே போட்டோவோடு மாவட்ட நிர்வாகத்துக்குப் பதிவு போக வேண்டும். அதுக்கான சாஃப்ட்வேர் நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் அளவுதான். அதைக் கட்டாயமாக்குறதுதான் அரசு செய்ய வேண்டிய வேலை.