ஜவ்வு கிழிஞ்சா உடனே ஆபரேஷன்தானா? எம்ஆர்ஐ மட்டும் முடிவு சொல்லாது

2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் இடது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. சில நாட்களிலேயே மும்பையில் ஆபரேஷன். ஆசியப் போட்டி கைநழுவியது. ஆனால் அடுத்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்று வரை வென்று வந்தார். எடையால் தகுதிநீக்கமானது வேறு கதை.

அவருக்கு அந்த அவசரம் நியாயம். ஞாயிற்றுக்கிழமை டர்ஃபில் ஃபுட்பால் ஆடி முட்டி மடங்கியவரும் அதே வாரத்தில் ஆபரேஷன் தேதி கேட்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் இழுத்துப் பிடித்திருக்கும் ஜவ்வுதான் ஏசிஎல். அது இல்லாமலும் பலரால் நேராக நடக்க, சைக்கிள் ஓட்ட முடியும். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதுதான் அதன் அருமை தெரியும். முட்டி ‘நழுவுது’ என்பார்கள். ஆபரேஷனில் கிழிந்ததைத் தைப்பதில்லை. பெரும்பாலும் நோயாளியின் காலிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள்.

சுவீடனில் 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், கூடவே பிசியோ. மறுபாதிக்கு முதலில் பிசியோ மட்டும். தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டில் வலி, விளையாட்டுத் திறன், வாழ்க்கைத் தரம் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து ஆண்டு கழித்தும் பிசியோ தரப்பில் ஏறக்குறைய பாதிப்பேர் கத்தியே படாமல் இருந்தார்கள். மீதிப் பாதி ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தொழில்முறை வீரர்கள் இந்த ஆய்வில் இல்லை.

பிரிட்டனில் 2022-ல் வந்த ஆய்வு வேறு பக்கம் காட்டுகிறது. அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்களுக்கு ஆபரேஷனே கூடுதல் பலன் தந்தது.

ஆக, ‘கிழிஞ்சிருக்கா’ என்பதோடு ‘நழுவுதா’ என்பதையும் கேட்டாக வேண்டும். அது தெரிய, சில வாரங்கள் ஒழுங்கான பயிற்சி செய்து பார்க்க வேண்டும். அப்போதும் நழுவுகிற முட்டியை வைத்துக்கொண்டு கபடி ஆடினால் மெனிஸ்கஸும் சேர்ந்து போகும். மெனிஸ்கஸ் கிழிந்து சிக்கி, காலை நீட்டவே முடியாதவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

நம்மூரில் உண்மையான ஓட்டை பிசியோதான். ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் இருக்கும். மாதக்கணக்கான பயிற்சிக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். தையல் பிரித்ததும் ‘சரியாகிருச்சு’ என்று பிசியோவை நிறுத்துபவர்கள் ஏராளம். ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கிறது என்று நார்வே ஆய்வு ஒன்று 2016-ல் காட்டியது. காலண்டர் மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடைத்தசை மற்ற காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியதா என்று சோதித்த பிறகே களத்துக்கு அனுப்புகிறார்கள்.