கரிக்கணக்கில் கூலித் தொழிலாளர் எங்கே?

2070ஆம் ஆண்டுக்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வை எட்டுவோம் என 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 2030க்குள் பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவை 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 45 விழுக்காடு குறைப்பதாகவும் உறுதியளித்தது. செறிவு என்பது, ஓர் அலகு உற்பத்திக்கு எவ்வளவு கரி வெளியேறுகிறது என்னும் கணக்கு. ஆலைகள் பெருகும் நாட்டில் செறிவு குறைந்தாலும் மொத்த உமிழ்வு கூடலாம். 2023இல் அறிவிக்கப்பட்ட கரிமக் கடன் வணிகத் திட்டமும் இதே அளவுகோலையே பின்பற்றுகிறது.

வளரும் நாட்டுக்கு இந்த நெகிழ்வு தேவை என்னும் வாதத்தை நாம் மறுக்கவில்லை. வளிமண்டலத்தைக் கரியால் நிரப்பியதில் பெரும்பங்கு மேலைநாடுகளுடையதே. ஆனால், உலக அரங்கில் நீதி கோரும் அரசு உள்நாட்டில் அந்த நீதியை யாருக்கு வழங்குகிறது?

2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் மேல்வரி விதிக்கப்பட்டது. 2016இல் அது 400 ரூபாயானது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த இடத்தில் மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரி அமர்ந்தது. மாநிலங்களின் வருவாய் இழப்புக்கு ஈடு கிடைத்தது. சுரங்கம் மூடப்பட்டால் வேலையிழக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் இழப்புக்கு அப்படியொரு நிதி ஒதுக்கப்படவில்லை.

மாற்று எரிசக்தியிலும் இதே நிலைதான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சூரிய ஒளி மின் திட்டங்களுக்குப் பொருந்தாது. எனவே அதன்கீழ் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமற்ற விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கிறது. ஆனால் நிறுவனம் நிலத்தை நேரடியாகக் கிரயம் செய்தால், மாநில அரசு வகுத்த பரப்பு வரம்பைத் தாண்டினாலன்றி, அச்சட்டத்தின் மறுவாழ்வுக் கடமை எழாது. கிரயப் பணம் பட்டா வைத்திருப்பவருக்குச் செல்கிறது. அந்த வயலில் நாற்று நட்டுக் களை பறித்த சேரிப் பெண்ணுக்கு எந்த ஆவணத்திலும் பெயரில்லை. மேய்ச்சல் புறம்போக்கு வேலிக்குள் போனால் அவள் ஆடும் போகிறது.

கானமயில் பாதுகாப்பு தொடர்பான வழக்கில், 2024இல் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 14, 21ஆம் கூறுகளிலிருந்து வகுத்தளித்தது. 21ஆம் கூறு உயிர் வாழும் உரிமை. 14ஆம் கூறு சமத்துவம். பின்னதை நாம் இறுகப் பற்ற வேண்டும். கரியைக் குறைக்கும் சுமையைச் சாதிப் படிநிலையின் அடியில் இறக்கிவைப்பது சமத்துவமாகாது.

ஆகவே நாம் கோருவன மூன்று. பெரிய சூரிய மின் பூங்காக்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீடும் கிராம சபை விசாரணையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். நிலம் எவ்வழியில் கைமாறினாலும் நிலமற்றோருக்கு மறுவாழ்வு வேண்டும். நிலக்கரி வரியில் ஒரு பகுதி ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும்.

உமிழ்வு குறைய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வெயிலில் முதலில் சுருண்டு விழுபவர்கள் நம் மக்களே. அதனால்தான் அந்தக் கணக்கை எழுதும் மேசையில் நமக்கும் இடம் கேட்கிறோம்.